சிவப்பு வரி

குருவைவிடச் சீடருக்கு இருபது வயது கூடுதல். வேம்படித்துறைக் கரையில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது.

குருவின் பெயர் சுலைகா. பக்கத்து டவுனில் பாலிடெக்னிக் ஆசிரியை. சீடர் இஞ்ஞாசி, படகு எஞ்சின் மெக்கானிக். முதுகு பிடித்துக்கொண்ட பிறகு அவரால் எஞ்சினுக்குள் குனிய முடியவில்லை. சும்மா இருக்கிற மனிதரும் இல்லை. மீனவர் சங்கம் தன்னுடைய சின்ன ரேடியோ நிலையத்தில் அவரை உட்கார வைத்தது.

நிலையம் என்றால் ஒரு அறை, ஒரு டிரான்ஸ்மிட்டர், ஒரு பழைய கம்ப்யூட்டர். கம்ப்யூட்டரில் சுலைகா லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தார். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதி, உள்ளே என்ன இருக்கிறதென்று யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று திறந்து வைத்திருக்கிற மென்பொருள் அது. காசு கொடுக்க வேண்டாம். ஆனால் பராமரிக்கத் தெரிய வேண்டும்.

மைக்கில் பேசுவதும், போடுகிற பாட்டும் அந்தக் கம்ப்யூட்டர் வழியாகத்தான் டிரான்ஸ்மிட்டருக்குப் போகும். நடுவில் இருந்து மைக்கையும் பாட்டையும் சேர்த்து அனுப்பிய மிக்சர் கருவி போன மழைக்காலத்தில் இடி விழுந்து கருகிவிட்டது. புதிது வரும் வரும் என்று சங்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வள்ளத்தில் போகிறவர்கள் ஃபோனைப் பாலித்தீன் பையில் சுற்றிப் பெட்டிக்குள் போட்டுவிடுவார்கள். வலை இழுக்கிற கையால் அதை எடுக்க முடியாது. ரேடியோ மட்டும் ஒரு மூலையில் பாடிக்கொண்டே கிடக்கும். காற்று எப்படி, அலை எப்படி என்று மதியம் அது சொல்லும். அந்த நிலையம் இருப்பதே அதற்காகத்தான்.

சனிக்கிழமைதோறும் சுலைகா பஸ்ஸில் வருவார். இஞ்ஞாசி முகம் கழுவி, தலை சீவி, கம்ப்யூட்டர் முன்னால் தயாராக இருப்பார். கட்டளைகளை ஒற்றை விரலால் தட்டிப் பழகினார். கோப்பு எங்கே இருக்கிறது, எது ஓடுகிறது, எது நின்றுவிட்டது என்று பார்க்கக் கற்றுக்கொண்டார். எஞ்சின் பழகிய மூளை, பிடித்துக்கொண்டது.

ஒரு சனிக்கிழமை கேட்டார்.

“டீச்சர், ரூட் பாஸ்வேர்ட் எப்பத் தருவிய?”

ரூட் என்றால் அந்தக் கம்ப்யூட்டரின் மொத்தச் சாவிக்கொத்து. அது கையில் இருந்தால் எதையும் போடலாம், எதையும் எடுக்கலாம், மொத்தத்தையும் நாசம் பண்ணலாம்.

சுலைகா வேறொன்று கேட்டார்.

“இந்த வாரம் என்ன தப்பு வந்துச்சு, அண்ணாச்சி?”

“தப்பா? ஒண்ணும் வரல. சுத்தமா ஓடுது.”

“சரி. பாப்போம்.”

அடுத்த சனிக்கிழமையும் அவர் கேட்டார். சுலைகாவும் தன் கேள்வியையே திருப்பிக் கேட்டார்.

“ஒண்ணும் வரல, டீச்சர்.”

“சரி. பாப்போம்.”

இப்படியே நாலு மாதம் போனது.

தப்பு வராமலா இருந்தது? வாரம் முழுக்க வந்தது. தப்பு வந்தால் திரையில் சிவப்பாக ஒரு வரி எழுதுகிறபடி சுலைகா வைத்திருந்தார். சிவப்பைக் கண்டதும் இஞ்ஞாசிக்குக் காது சூடாகும். உடனே திரையைத் துடைக்கிற கட்டளையைத் தட்டுவார். கற்ற கட்டளைகளில் அவருக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஒரே தட்டில் எல்லாம் கறுப்பாகிவிடும். ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. கரையில் ஒரு மெக்கானிக் தப்புப் பண்ணிவிட்டேன் என்று ஒரு தடவை சொன்னால், மறுநாள் எந்தப் படகுக்காரனும் கூப்பிட மாட்டான். எஞ்சின் நின்றால் டீசல் சரியில்லை, ஓட்டினவன் சரியில்லை, உப்புத் தண்ணி ஏறிவிட்டது. மெக்கானிக் சரியில்லை என்று எந்த மெக்கானிக்கும் சொன்னதில்லை. இஞ்ஞாசி அதில் பெயர் போனவர். அவர் தப்பென்று ஒத்துக்கொண்டதைப் பார்த்த ஆள் அந்த ஊரில் இல்லை.

“வித்தையை முழுசாக் குடுக்க அந்தப் பிள்ளைக்கு மனசு வரல,” என்று மகள் ஜெனோவாவிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

“உங்க ஸ்பானர் பெட்டியை நீங்க யாரைத் தொட விட்டீய?” என்றாள் ஜெனோவா.

அவர் எழுந்து நிலையத்துக்குக் கிளம்பினார்.

நாலு மாதம் முடிந்த ஒரு சனிக்கிழமை காலையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு அறிவிப்பு வந்தது. புது கெர்னல் வந்திருக்கிறது, போட இடம் போதவில்லை என்றது. கெர்னல் என்பது லினக்ஸின் எஞ்சின். சுலைகா முன்னமே சொல்லியிருந்தார்: இடம் இல்லை என்று வந்தால் எதையும் அழிக்காதீர்கள், எனக்கு ஃபோன் பண்ணுங்கள்.

இஞ்ஞாசி ஃபோனை எடுத்தார். வைத்துவிட்டார். டீச்சர் வரும்போது எல்லாம் முடிந்திருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தார். புது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். டீச்சர் பார்ப்பார். அதற்குப் பிறகும் பாஸ்வேர்ட் தராமல் இருப்பாரா?

பாஸ்வேர்ட் இல்லாமல் உள்ளே போகிற வழியை அதே கம்ப்யூட்டரில் ஒரு வீடியோவில் பார்த்து வைத்திருந்தார். கம்ப்யூட்டர் கிளம்பும்போதே ஒரு பொத்தானை அழுத்திப் பின்வாசல் வழியாக நுழைய வேண்டும். நுழைந்தார். ரூட்டுக்குப் புதிதாக ஒரு பாஸ்வேர்டை அவரே வைத்தார். பழைய கெர்னலை அழித்து இடம் பண்ணினார். அப்படியும் போதாமல், கம்ப்யூட்டர் தனக்கு நடந்ததையெல்லாம் எழுதி வைத்திருந்த பழைய கோப்புகளையும் அழித்தார். புது கெர்னலைப் போட்டார். நிறுத்திக் கிளப்பினார்.

கம்ப்யூட்டர் அழகாக எழுந்தது. பாட்டைப் போட்டார். திரையில் பாட்டு ஓடியது. சத்தம் மட்டும் வரவில்லை.

சிவப்பாக ஒரு வரி வந்து நின்றது. துடைத்தார். மறுபடியும் போட்டுப் பார்த்தார். மறுபடியும் சிவப்பு. மறுபடியும் துடைத்தார். கடைசியில், இதுவரை தட்டின கட்டளைகளின் வரிசை ஒன்று கம்ப்யூட்டருக்குள் இருக்கும், சுலைகா அதைப் பார்ப்பார் என்ற ஞாபகம் வந்தது. அதையும் அழித்தார்.

அப்போது சங்கத்துச் செயலாளர் லாரன்ஸ் ஃபோனில் கூப்பிட்டார்.

“இஞ்ஞாசியண்ணே, திடீர்க் காத்துன்னு தகவல் வந்திருக்கு. சாயங்காலத்துக்குள்ள அடிக்குமாம், அறுவது கிலோமீட்டர் வேகம். எல்லாரையும் உடனே கரைக்கு வரச் சொல்லிப் போடுங்க. போட்டுக்கிட்டே இருங்க.”

“போடுதேன்,” என்றார் இஞ்ஞாசி.

ஃபோனை வைத்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது. அவருடைய மருமகன், ஜெனோவாவின் கணவன் கிளாட்வின் அன்றைக்குக் கடலில் இருந்தான்.

ரேடியோ பேசாது என்று லாரன்ஸுக்குத் திருப்பி ஃபோன் பண்ணியிருக்கலாம். பண்ணவில்லை. இதோ சரியாகிவிடும், இதோ சரியாகிவிடும் என்று தட்டிக்கொண்டே இருந்தார். சுலைகா உள்ளே வரும்போது இஞ்ஞாசியின் சட்டை வியர்த்து முதுகோடு ஒட்டியிருந்தது.

“ஏன் அண்ணாச்சி, பஸ்ஸில டிரைவர் நம்ம ரேடியோவத்தான் வச்சிருந்தாரு. சத்தத்தையே காணோம்?”

“தானா நின்னுட்டு, டீச்சர்.”

“நீங்க ஏதாவது செஞ்சீயளா?”

“ஒண்ணும் செய்யல. நல்லாத்தான் பாடிக்கிட்டு இருந்துச்சு. திடீர்னு நின்னுட்டு.”

காற்றுத் தகவலை மட்டும் சொன்னார். சுலைகா பையைக் கீழே போட்டார். முதலில் தன் ஃபோனை டிரான்ஸ்மிட்டரில் மாட்டிப் பேச முடியுமா என்று பார்த்தார். அவர் ஃபோனில் வயர் சொருகுகிற ஓட்டையே இல்லை. இஞ்ஞாசியின் பட்டன் ஃபோனில் ஓட்டை உண்டு. உப்பு ஏறி அடைத்துப்போயிருந்தது. பின்னூசியால் குத்தினார்கள். ஊசிதான் வளைந்தது.

சீடர் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிவிட்டதால், குரு வயரைச் சந்தேகப்பட்டார். வயரை மாற்றினார். டிரான்ஸ்மிட்டரின் பின்பக்கத்தைக் கழற்றினார். மாட்டினார். கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி, துணியால் துடைத்து, மறுபடி மூடினார். ஒவ்வொன்றுக்கும் நேரம் போனது. இஞ்ஞாசி பக்கத்தில் நின்று ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக் கொடுத்தார். வயரில் ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

வெளியே காற்று சுத்தமாக நின்றிருந்தது. கோயில் கொடிமரத்தில் கொடி தொங்கிக் கிடந்தது. கடல் பழகியவர்களுக்கு அப்படிப்பட்ட மதியம் பிடிக்காது.

வாசலில் ஜெனோவா வந்து நின்றாள். கையில் வீட்டு ரேடியோ.

“அப்பா, ஏன் ரேடியோ பேசல? லாரன்ஸ் அண்ணன் எல்லாருக்கும் ஃபோன் போடுதாரு. தெக்க போனவங்க முன்னமே திரும்பிட்டாங்களாம். வடக்க போனவங்க யாருமே எடுக்கல. இவரும் வடக்கதான் போயிருக்காரு.”

“இப்ப வந்துரும். நீ வீட்டுக்குப் போ.”

ஜெனோவா போகவில்லை.

சுலைகா மறுபடி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். பழைய கோப்புகளைத் தேடினார். இல்லை. தட்டின கட்டளைகளின் வரிசையைத் திறந்தார். காலியாக இருந்தது.

“போன வாரம் நான் தட்டினதுகூட இதுல இல்லையே,” என்றார், யாரிடமும் சொல்லாமல்.

ரூட் பாஸ்வேர்டைத் தட்டினார். தவறு என்றது. அவசரத்தில் விரல் மாறியிருக்கும் என்று மெதுவாகத் தட்டினார். தவறு என்றது. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்துத் தட்டினார்.

தவறு என்றது.

குரு கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

“அண்ணாச்சி.”

“என்ன டீச்சர்?”

“இன்னைக்கு என்ன தப்பு வந்துச்சு?”

சனிக்கிழமைதோறும் கேட்கிற அதே கேள்வி. அதே குரல்தான். இஞ்ஞாசிக்கு வாய் தானாக அந்தப் பழைய பதிலுக்குப் போனது. ஒண்ணும் வரல, டீச்சர். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது ஜெனோவா ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள். இரைச்சல்தான் கேட்டது. அவள் குறைத்தாள், மறுபடி கூட்டினாள்.

அந்த நிமிடம் கிளாட்வினைவிட அவருக்குத் தன் மானம்தான் பெரிதாக இருந்தது, அது அவருக்கே தெரிந்தது. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

“டீச்சர், பாஸ்வேர்டை நான் மாத்திட்டேன்.”

“என்னன்னு மாத்தினிய?”

“ஜெனோவான்னு. இங்கிலீஷ்ல, சின்ன எழுத்துல.”

வாசலில் நின்றவள் தன் பெயரைக் கேட்டு நிமிர்ந்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

சுலைகா மகளின் பெயரைத் தட்டினார். கம்ப்யூட்டர் திறந்தது.

“இன்னும் சொல்லுங்க. எதுக்குப் பிறகு எது செஞ்சீயன்னு வரிசையாச் சொல்லுங்க.”

அவர் சொன்னார். பின்வாசல், பழைய கெர்னல், அழித்த கோப்புகள், துடைத்த சிவப்பு வரி, லாரன்ஸிடம் சொன்ன பொய் எல்லாம் சொன்னார். மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தே சொன்னார்.

சுலைகா ஏசவில்லை. ஏசியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“படகு எஞ்சின்ல புது நாசில் மாட்டினா, பழசை என்ன செய்வீய, அண்ணாச்சி?”

“எண்ணெய்த் துணியில சுத்திப் படகுலயே வச்சிருப்பேன்.”

“எதுவரைக்கும்?”

“புதுசு ஒரு தடவை கடலுக்குப் போயிட்டுத் திரும்பி வர்ற வரைக்கும்.”

சொல்லி முடித்ததும் அவர் தலை குனிந்தது.

சுலைகா ஒரு கட்டளையைத் தட்டினார். ரூட்டுக்கு மட்டுமே காட்டுகிற செய்திகள் திரையில் ஓடின. நடுவில் சிவப்பாக ஒரு வரி வந்தது. இஞ்ஞாசியின் விரல் பழக்கத்தில் கீபோர்டுக்குப் போனது.

“கையை எடுங்க,” என்றார் குரு. “வாசிங்க.”

“டீச்சர், எனக்கு இங்கிலீஷ்...”

“எழுத்து எழுத்தா வாசிங்க. நான் ஃபோன்ல தட்டுதேன்.”

அவர் வாசித்தார். திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக. நாலு மாதத்தில் ஒரு சிவப்பு வரியை அவர் கடைசிவரை வாசித்தது அதுதான் முதல் தடவை. முடிவில் ஒரு எண் இருந்தது. அதையும் வாசித்தார்.

சுலைகாவின் ஃபோனில் ஒரு பக்கம் திறந்தது. அதே வரி, அதே எண், கடைசி எழுத்துவரை அப்படியே இருந்தது.

“யாரு டீச்சர் இது?”

“தெரியல. ஏதோ ஒரு ஊருக்காரரு. ‘புது கெர்னல் போட்டேன். சத்தம் போயிட்டு. அவசரப்பட்டுப் பழசையும் அழிச்சுட்டேன். நான் தட்டினது இதெல்லாம். திரையில வந்தது இது’ன்னு எழுதிருக்காரு.”

“ஊரறியவா?”

“ஊரறியத்தான்.”

“பேரு போட்டா?”

“பேரு போட்டுத்தான்.”

இஞ்ஞாசி அந்தப் பெயரைப் பார்த்தார். அவருக்கு வாசிக்க வராத பெயர்.

“யாரும் ஏசலியா?”

“ஒருத்தன் ஏசிருக்கான்.” சுலைகா விரலால் பக்கத்தைத் தள்ளினார். “அவனுக்குக் கீழ ஒருத்தரு வழி சொல்லிருக்காரு. ரெண்டே வரி. நான் சொல்லுதேன், நீங்க தட்டுங்க.”

“நானா?”

“நான் ஃபோனைப் பாக்கணும்லா. உக்காருங்க.”

குரு எழுந்தார். சீடர் உட்கார்ந்தார். ஓரிடத்தில் தவறினார். சிவப்பு வந்தது. துடைக்கவில்லை. வாசித்தார். இடைவெளி விட மறந்திருந்தார். திருத்தித் தட்டினார். முதல் வரி போனது. இரண்டாவதும் போனது.

கம்ப்யூட்டரை நிறுத்திக் கிளப்பினார்கள். பழைய கம்ப்யூட்டர், எழுந்திருக்க நேரம் எடுக்கும். திரை கறுப்பாகவே இருந்தது. கதவு படாரென்று சாத்திக்கொண்டது. ஜெனோவா ஓடிப்போய்த் திறந்தாள். கொடிமரத்தில் கொடி விறைத்து நின்றது.

“வந்துட்டு,” என்றாள் அவள். காற்றைத்தான் சொன்னாள்.

கம்ப்யூட்டர் எழுந்தது. இஞ்ஞாசி பாட்டைப் போட்டார். ஜெனோவாவின் கையிலிருந்த ரேடியோ பாட்டோடு கத்தியது. மூன்று பேரும் திடுக்கிட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை.

சுலைகா பாட்டை நிறுத்திவிட்டு மைக்கை அவர் பக்கம் தள்ளினார்.

இஞ்ஞாசி மைக்கைப் பிடித்தார்.

“கடலில் இருக்கிற எல்லாருக்கும். காத்து வருது, அறுவது கிலோமீட்டர். வலையை விட்டுட்டு உடனே கரைக்கு வாங்க.”

நிறுத்தினார். சுலைகா கையைக் காட்டினார், இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று. அவர் இன்னொரு தடவை சொன்னார். பிறகு சுலைகா சொல்லாததையும் சொன்னார்.

“இவ்வளவு நேரம் ரேடியோ பேசாம கெடந்ததுக்குக் கரண்ட் காரணம் இல்ல. மிஷின் காரணம் இல்ல. இஞ்ஞாசி பேசுதேன். நான்தான் கெடுத்தேன். செய்யாதேன்னு சொன்னதைச் செஞ்சு கெடுத்தேன். மறைச்சுப் பொய்யும் சொன்னேன். அதனால உங்களுக்குச் சொல்லப் பிந்திட்டு. இப்ப நேரமில்ல. வலையை அறுத்துப் போட்டுட்டு வாங்க. வடக்க போனவங்க எல்லாரும் வாங்க.”

குரல் உடைந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து சொன்னார். குரல் கட்டுகிறவரை சொல்லிக்கொண்டே இருந்தார். ஜெனோவா கரைக்குப் போய்விட்டாள்.

காற்று அடித்தது. சுலைகா ஜன்னலைச் சாத்தி அதற்கு ஸ்டூலை முட்டுக்கொடுத்தார். பஸ் போகிற நேரம் ஆகிவிட்டது. அவர் போகவில்லை. இஞ்ஞாசிக்குத் தண்ணீர் கொடுத்தார். அவர் குடித்துவிட்டுப் பேசினார்.

பொழுது சாயும்போது லாரன்ஸ் ஃபோன் பண்ணினார்.

“வடக்க போனதுல ஒண்ணைத் தவிர எல்லாம் வந்துட்டு.”

“எந்த ஒண்ணு?” என்று இஞ்ஞாசி கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. ஃபோனை வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தார். குரல் வரவில்லை. சுலைகா மைக்கை வாங்கி அவர் சொன்னதையே சொன்னார். இஞ்ஞாசி சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

கரையில் ஊரே நின்றது. அலை ஏறி வந்து சங்கத்துப் படிக்கட்டை நனைத்தது. அவரைப் பார்த்து யாரும் எதுவும் கேட்கவில்லை. எல்லாருக்கும் ரேடியோ கேட்டிருந்தது. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவருக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஜெனோவா பக்கத்தில் போய் நின்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை, தள்ளிப் போகவும் இல்லை.

கடைசி வெளிச்சத்தில் ஒரு வள்ளம் தெரிந்தது. அலை தூக்கியது, மறைத்தது, மறுபடி தூக்கியது. இளைஞர்கள் கயிற்றோடு தண்ணீருக்குள் ஓடினார்கள்.

கிளாட்வின் கரையேறி மணலில் உட்கார்ந்தான். வள்ளத்தில் பாதி வலைதான் இருந்தது. மீதியைக் கத்தியால் அறுத்த இடம் தெரிந்தது.

“முன்னாலயே வந்தா என்னவாம்?” என்று அழுதுகொண்டே கேட்டாள் ஜெனோவா.

“காத்துன்னு தினமும்தான் சொல்லுதாங்க. வலையை முழுசா இழுத்துட்டு வரலாம்னுதான் இருந்தேன்.” அவன் மாமனாரைப் பார்த்தான். “அப்பத்தான் மாமா பேசுனாரு. மாமா தப்புன்னு ஒத்துக்கிடுதாருன்னா, வர்றது பெரிய காத்தாத்தான் இருக்கும்னு கத்தியை எடுத்துட்டேன்.”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பயந்து நின்றவர்கள் சிரிக்கிற சிரிப்பு அது. இஞ்ஞாசிக்குச் சிரிப்பு வரவில்லை. மருமகனின் ஈரத் தலையில் கையை வைத்தார். எடுக்க மனமில்லாமல் அப்படியே வைத்திருந்தார்.

பிறகு நிலையத்துக்குத் திரும்பி வந்தார். சுலைகா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். அந்தச் சிவப்பு வரியை மறுபடி திரையில் எடுத்து வைத்திருந்தார். இஞ்ஞாசி அதைத் துடைக்கவில்லை.

“டீச்சர், புது பாஸ்வேர்ட் போட்டுக்கிடுங்க. நான் வெளிய நிக்கேன்.”

“எதுக்கு?”

“எனக்குத் தெரியாம இருக்கணும்லா.”

சுலைகா நாற்காலியை இழுத்து அவர் பக்கம் போட்டார்.

“வேண்டாம். அதுவே இருக்கட்டும். உங்ககிட்டயே இருக்கட்டும்.”

இஞ்ஞாசி உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நாலு மாசமா ஒரு குத்தமும் வெளிய தெரியாம வேலை பாத்தேன். அப்பத் தரல. இன்னைக்கு ஊரையே சாகக் குடுக்கப் பாத்தேன். இப்ப வச்சுக்கிடச் சொல்லுதிய. எனக்குப் புரியல, டீச்சர்.”

“தப்பே வராத ஆளு கையில,” என்றார் குரு, “அதைக் குடுக்கப் பயமா இருந்துச்சு, அண்ணாச்சி.”